முகவையில் விளையும் மஞ்சட் படலம்

மருதமுனையில் நூலுக்குச் சாயமேற்றுவதைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். நூலைச் சாயத்தொட்டியில் அமிழ்த்தியவுடனேயே வேலை முடிந்துவிடுவதில்லை. நீரின் சூடு, அதில் இடும் உப்பின் அளவு, நூலைப் புரட்டிக் கொடுக்கும் கையின் பழக்கம், தொட்டியில் அது கிடக்கும் நேரம் ஆகிய யாவும் ஒத்துவந்தாலன்றி நிறம் ஒருசீராக ஏறாது. ஒன்று தவறினால் நூல் திட்டுத் திட்டாகிவிடும். சாயங்களுள் ஒரு வகை இன்னும் சுவையானது. அவுரி அவ்வகையில் மிகப் பழையது. அவுரிச் சாயம் நீரிற் கரையாது. ஆகவே முதலில் அதனைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுகிறார்கள். கரைந்த நிலையில் நூலினுள்ளே புகவிடுகிறார்கள். பின்னர் நூலை எடுத்துக் காற்றுப்பட விரிக்கிறார்கள். காற்றிலுள்ள ஒட்சிசன் பட்டதும் சாயம் பழையபடி கரையாத வடிவத்தை எய்தி நூலிலேயே தங்கிவிடுகிறது.

கரைந்த நிலையிற் கொண்டுவந்து, வேண்டிய இடத்திற் கரையாத நிலைக்கு மாற்றுதல் என்னும் இந்த உபாயத்தைத்தான் இக்காலப் பௌதிகவியலாரும் இரசாயனவியலாரும் சூரியக்கலம் செய்வதற்குக் கையாளுகிறார்கள். நூலுக்குப் பதிலாகக் கண்ணாடித் தட்டு. சாயத்துக்குப் பதிலாகக் குறைகடத்தி. இம்முறைக்கு இரசாயனத் தொட்டிப் படிவு முறை என்று பெயரிடலாம். இன்றைய பேச்சு அதனைப் பற்றியது.

செப்பு போன்ற உலோகம் மின்னைத் தாராளமாகக் கடத்தும். கண்ணாடி கடத்தாது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டவை குறைகடத்திகள். அவற்றின் இலத்திரன்கள் பிணைப்பிலிருந்து விடுபட்டு ஓடவேண்டுமாயின் ஒரு குறித்த அளவு சக்தி வேண்டும். வாய்க்காலின் மேலாகத் தாண்டுபவனுக்கு வாய்க்காலின் அகலம் எப்படியோ, அப்படியே இலத்திரனுக்கு இந்தச் சக்தியிடைவெளி. அரைத் தாண்டல் தாண்ட முடியாதல்லவா? கட்மியம் சல்பைட்டு என்னும் சேர்வையில் இந்த இடைவெளி ஏறத்தாழ 2.4 இலத்திரன்வோற்று. நீல ஒளியிடம் அந்தச் சக்தி உண்டு; பச்சையின் பெரும்பகுதியிடமும் மஞ்சள், சிவப்பு ஆகியவற்றிடமும் இல்லை. ஆதலால் அப்பொருள் நீலத்தை விழுங்கிவிட்டு ஏனையவற்றைப் போகவிடுகிறது. அதனாலேயே அது நம் கண்ணுக்கு மஞ்சளாய்த் தோன்றுகிறது. ஓவியர்கள் கட்மிய மஞ்சள் என்று தீட்டும் வண்ணமும் இதுவே. உயர்தர வகுப்பில் இரசாயனம் பயின்றோருக்கு இன்னொரு நினைவு வரலாம். கட்மிய உப்புக் கரைசலினூடாக ஐதரசன் சல்பைட்டு வாயுவைச் செலுத்த, நொடிப்பொழுதில் மஞ்சள் வீழ்படிவு தோன்றும்.

அந்த நொடிப்பொழுது என்பதிலேதான் சிக்கல் இருக்கிறது. கட்மிய அயனும் சல்பைட்டு அயனும் சந்தித்தால் ஒரு கணமும் பொறுக்கமாட்டா. இரண்டும் சேர்ந்து தூளாகி அடியில் விழும். நமக்கு வேண்டியது தூள் அன்று. கண்ணாடியின் மேல் ஒட்டியிருக்கும், இடைவெளியற்ற, ஒருசீரான தோல் போன்ற படலம். தூளைத் தேய்த்துப் படலமாக்க இயலாது. ஆகவே சேருகின்ற வேகத்தைக் குறைக்கவேண்டும். அவசரக்காரரான இருவரையும் தனித்தனியே பிடித்து நிறுத்திச் சிறிது சிறிதாக அவிழ்த்துவிட வேண்டும்.

கட்மியத்தைப் பிடித்துவைப்பது அமோனியா. கட்மிய உப்பின் கரைசலில் அமோனியாவைச் சேர்த்தால் முதலில் வெள்ளைக் கலங்கல் உண்டாகும். மேலும் சேர்க்க அது தெளிந்துவிடும். நான்கு அமோனியா மூலக்கூறுகள் ஒரு கட்மிய அயனைச் சூழ்ந்து நின்று அதனைச் சிறைப்படுத்திவிட்டன என்பது பொருள். அச்சிறையின் வலிமை வியப்புக்குரியது. ஒரு லீற்றரில் ஒரு மூல் அளவு அமோனியா தனித்து நிற்குமாயின், கட்மிய அயன்களுள் கோடிக்கு ஒன்றே சுதந்திரமாய் உலவும். அந்த ஒன்று வினைப்பட்டு விலகியதும், அதன் இடத்துக்குச் சிறையிலிருந்து இன்னொன்று வெளிவரும். நெல்லைப் பெருங்களஞ்சியத்தில் வைத்துப் பூட்டி, நாளுக்கொரு சுண்டு அளந்து கொடுக்கும் சிக்கனமான வீட்டுக்காரியை ஒத்தது அமோனியா.

கந்தகத்தைப் பிடித்துவைப்பது தயோயூரியா என்னும் வெண்ணிறப் பளிங்கு. காரக் கரைசலில், சூடு பட்டால் மட்டும், அது மெல்ல மெல்லச் சிதைந்து சல்பைட்டு அயனை ஈனும். சூட்டைக் கூட்டினால் விரைவு கூடும், குறைத்தால் குறையும். ஆகவே ஒரு கடிவாளம் அமோனியாவின் கையிலும், மற்றது அடுப்பின் கையிலும் இருக்கின்றன.

இனிச் செய்முறையைச் சொல்கிறேன். கண்ணாடித் தட்டை முதலிற் கழுவவேண்டும். கழுவுதல் என்று இலேசாகச் சொல்லிவிட்டேன். இத்துறையில் வேலையின் பாதி அதுதான். சவர்க்காரம், அமிலம், காய்ச்சி வடித்த நீர் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கழுவிய தட்டின் மேல் ஒரு விரல் பட்டாலும், படலம் வளர்ந்தபின் அந்த விரலின் ரேகை பொலிசார் எடுத்த அடையாளம்போல மஞ்சளிற் பதிந்திருக்கும். தட்டை முகவைக்குள் நிமிர்த்தி நிறுத்தவேண்டும். படுக்கவைத்தால் மேலிருந்து விழும் தூள் அதன்மேற் படியும். முகவையைச் சூடான நீருள்ள பெரிய பாத்திரத்தில் அமர்த்தி, 60 முதல் 85 பாகை செல்சியசுக்குள் ஒரு நிலையான வெப்பநிலையில் வைத்துக் கலக்கிக்கொண்டிருத்தல் வேண்டும். கடைசியாகத் தயோயூரியாக் கரைசலை ஊற்றவேண்டும்.

சில நிமிடங்களுக்கு ஒன்றும் நிகழாததுபோல் இருக்கும். புதியவர்கள் பொறுமையிழந்து சூட்டைக் கூட்டுவது இவ்வேளையிலேதான். பிறகு தெளிந்த நீரில் எலுமிச்சம்பழச் சாற்றை விட்டாற்போல ஒரு மெல்லிய மஞ்சட் சாயல் பரவும். அந்தச் சாயல் தோன்றும் நேரத்திற் கண்ணாடியின் மேல் அயன் அயனாக, ஒவ்வொன்றாக, படலம் வளர்கிறது. இவ்வாறு வளரும் படலமே இறுக்கமானது. கையால் துடைத்தாலும் போகாதது. நேரம் செல்லச் செல்லக் கரைசலின் நடுவிலும் தூள் உண்டாகிறது; நீர் கலங்கி மஞ்சட் பாலாகிறது. அத்தூளும் வந்து கண்ணாடியில் ஒட்டத் தொடங்கினால் படலம் சொரசொரப்பாகி ஒளியைச் சிதறடிக்கும். எந்த நிமிடத்தில் தட்டைத் தூக்குவது என்பதுதான் கைப்பக்குவம். பாகு பதத்தில் அடுப்பை இறக்கத் தெரிந்தவருக்கு அதை விளக்கவேண்டியதில்லை.

டெல்லி இந்தியத் தொழினுட்பக் கழகத்தில் கவுர், பாண்டியா, சோப்ரா என்னும் மூவர் இவ்வளர்ச்சியை அளந்து, படலம் வளரும் வேகம் எவற்றாற் கூடுகிறது, எவற்றாற் குறைகிறது என்பதையும், வளர்ப்பின் நிபந்தனைகளை மாற்ற அதன் பளிங்கமைப்பு மாறுவதையும் 1980 இல் வெளியிட்டனர். கண்ணாடியின் மேல் முதலிற் கட்மியம் ஐதரொட்சைட்டு ஒட்டி, அதனைப் பற்றுக்கோடாகக்கொண்டே சல்பைட்டு வளர்கிறது என்னும் விளக்கத்தை 1993 இல் பாரிசில் லிங்கோவும் அவருடைய துணைவரும் விரிவாக எடுத்துக்காட்டினர். கொல்காப்பூர் சிவாஜி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லோக்கண்டே எழுதிய தொகுப்புரைகளைப் புரட்டாமல் இத்துறைக்குள் நுழைபவர் இலர் எனலாம். இந்தியாவிலிருந்து மெக்சிக்கோவுக்குச் சென்ற நாயர் தம்பதியினர் இம்முறையையே தம் வாழ்நாட் பணியாக்கிக்கொண்டார்கள். ஏழை நாடுகளின் ஆய்வுகூடங்களில் இது செழித்தமைக்குக் காரணம் வெளிப்படை. பெருஞ்செலவான வெற்றிடப் பொறி இதற்கு வேண்டியதில்லை. முகவை, வெப்பமானி, மின்னடுப்பு, தராசு ஆகியவை இருந்தாற் போதும்.

முறை புதியதன்று. 1884 இல் எமர்சன் ரெய்னோல்ட்சு என்னும் அயர்லாந்து இரசாயனவியலார், ஈய உப்பையும் தயோயூரியாவையும் கொண்டு கண்ணாடியில் ஈய சல்பைட்டுப் படலம் படியச் செய்து, அதன் கண்ணாடிப் பளபளப்பை விவரித்தார். அவருக்கு அது ஒரு வேடிக்கையான அழகு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜேர்மனியில் ஈய சல்பைட்டுப் படலங்கள் கண்ணுக்குத் தெரியாத செந்நிறக்கீழ்க் கதிர்களை உணரும் கருவிகளாயின. அழகுக்காகப் பிறந்த பொருள் போருக்குப் போவது விஞ்ஞான வரலாற்றில் அதுவே முதன்முறையுமன்று, கடைசி முறையுமன்று.

சூரியக்கலத்தில் இப்படலத்துக்கு என்ன வேலை? கட்மியம் தெலூரைட்டுக் கலமானாலும், செப்பு இந்தியம் செலினைட்டுக் கலமானாலும், ஒளியை விழுங்கும் தடித்த படை ஒன்று உண்டு. தடித்தது என்றாலும் அது இரண்டு மூன்று மைக்கிரோமீற்றர்தான். அதன்மேல் ஒளி நுழையும் பக்கமாகக் கட்மியம் சல்பைட்டு ஒரு சன்னல்போல அமைகிறது. இரு படைகளும் சந்திக்கும் எல்லையிலே ஒளியால் விடுபட்ட இலத்திரன்கள் ஒரு திசையாகத் திருப்பப்படுகின்றன. சன்னல் மெல்லியதாயிருப்பின் நீல ஒளி வீணாகாது. ஆனால் ஓரிடத்திலேனும் ஓட்டை இருப்பின் மின் குறுக்கே ஒழுகிவிடும். 50 முதல் 100 நனோமீற்றர் தடிப்பில், அதாவது தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்திலொரு பங்கில், ஓட்டையின்றி மூடவேண்டும். பொருள் மேடுபள்ளம் உள்ளதாயினும் தொட்டிக் கரைசல் அதன் மூலை முடுக்கெல்லாம் புகுந்து ஒட்டுகிறது. விலையுயர்ந்த முறைகள் பலவும் தடுமாறிய இவ்விடத்தில் எளிய முகவை வென்றது. 1993 இல் தென் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் பிரிட்டும் பெரெக்கிடீசும் தொட்டியில் வளர்த்த கட்மியம் சல்பைட்டைக் கொண்டு 15.8 சதவீத வினைத்திறன் உள்ள கலத்தைச் செய்தபோது அது அக்கலவகையில் ஒரு சாதனையாயிற்று.

நமது நாட்டவருக்கும் இத்துறையிற் பங்குண்டு. இங்கிலாந்தின் செபீல்டு ஹலம் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய பேராசிரியர் ஐ. எம். தர்மதாச, இதற்கு உடன்பிறந்ததான மின்படிவு முறையிற் கட்மியம் தெலூரைட்டுக் கலங்களை நெடுங்காலம் ஆராய்ந்தவர்; களனிப் பல்கலைக்கழகத்தாரும் அவருடன் சேர்ந்து அவ்வகைப் படலங்களை வளர்த்துள்ளனர். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பு. இரவிராஜனும் அவரைச் சார்ந்தோரும் வேறு வகையான மலிவுக் கலங்களில் ஈடுபட்டுள்ளனர். நமது கரையோரத்துக்கு 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாக வந்து, 1996 இல் முழுப் பல்கலைக்கழகமாக உயர்ந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் தலைமை வளாகம் ஒலுவிலில் இருக்க, பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் வயல்வெளிகளுக்கு அண்மையிலே அமைந்திருக்கிறது. கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் வீட்டிலிருந்தே சென்று பௌதிகமும் இரசாயனமும் கற்கக்கூடிய காலம் இது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் 13 மணித்தியாலம்வரை மின்னின்றி இருந்த இந்நாட்டில், வெயிலிலிருந்து மின் எடுக்கும் கலையை ஒரு முகவையிலிருந்து தொடங்கலாம் என்னும்போது இளைஞர் மனம் துள்ளாதா?

துள்ளட்டும். ஆனால் அவர்கள் முகவையைக் கையிலெடுக்குமுன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கவேண்டும். அதற்காகவே இப்பேச்சுக்கு ஒப்புக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

நூறு மில்லிலீற்றர்க் கரைசலில் லீற்றருக்கு 0.01 மூல் அளவிற் கட்மிய உப்பை இடுவதாகக் கொள்வோம். இது பயிற்சிக்கு வழக்கமான அளவுதான். அதில் 112 மில்லிகிராம் கட்மியம் இருக்கிறது. நுணுக்குக்காட்டிக்கு உரிய சாதாரணக் கண்ணாடித் தட்டொன்றின் இருபுறத்திலும் 100 நனோமீற்றர்ப் படலம் வளர்ந்தால், அதில் அடங்கும் கட்மியம் ஏறக்குறைய 1.4 மில்லிகிராம். நூற்றுக்கு ஒரு பங்குக்குச் சற்று மேல்! எஞ்சிய 110 மில்லிகிராம் எங்கே? முகவையின் சுவரில் ஒட்டியதும், அடியிற் தூளாக விழுந்ததும், கரைசலிற் கரைந்தே நின்றதும் ஆக அத்தனையும் கழிவு. குடிநீரில் லீற்றருக்கு 0.003 மில்லிகிராமுக்கு மேற் கட்மியம் இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. வகுத்துப் பாருங்கள். ஒரே ஒரு முகவையின் கழிவு 37,000 லீற்றர் நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஒன்றரை மீற்றர் விட்டமும் இரண்டு மீற்றர் நீராழமும் உள்ள வீட்டுக் கிணறு ஒன்றில் 3,500 லீற்றர் நீர் இருக்கும். அப்படியானால் பத்துக் கிணறு!

நம்முடைய கரையோரம் மணற்றரை. நீர் அதிக ஆழத்தில் இல்லை. ஊற்றுவது எதுவாயினும் மணலினூடாக இறங்கிவிடும். மேற்கே பட்டிப்பளை ஆற்று நீரை நம்பிய வயல்கள். 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கப்பட்டபின் அவை பெருகியதை நேயர்கள் அறிவர். நெற்பயிர் நிலத்திலுள்ள கட்மியத்தை உறிஞ்சி நெல்மணியிற் சேர்த்துவைக்கும் தன்மையுடையது. யப்பானில் தொயாமாப் பகுதியிலே சின்சூ ஆற்றின் மேற்பகுதியில் இருந்த சுரங்கத்தின் கழிவு ஆற்றிற் கலந்து வயலுக்குப் பாய, அவ்வயலின் அரிசியை உண்டவர்களின் சிறுநீரகமும் எலும்பும் கெட்டன. பெரும்பாலும் வயது முதிர்ந்த பெண்கள். இருமினாலும் எலும்பு முறியும் நிலை. நோயாளர் ‘வலிக்கிறது, வலிக்கிறது’ என்று அரற்றிய சொல்லே அந்நோய்க்குப் பெயராயிற்று. அதற்குக் கட்மியமே காரணம் என்று யப்பானிய அரசு 1968 இல் ஏற்றுக்கொண்டது. சுரங்கத்தையும் முகவையையும் ஒப்பிடுவது நியாயமா என்று ஒருவர் கேட்கலாம். அளவில் ஒப்பில்லைதான். ஆனால் கட்மியம் உடலுட் புகுந்தால் பல பத்தாண்டுகள் சிறுநீரகத்தில் தங்கிவிடும். ஆண்டுதோறும், வகுப்புதோறும், மாணவர்தோறும் ஒரு முகவை என்று வைத்துப் பெருக்கிப் பார்த்தால் அது சிறிய கணக்கல்ல.

இன்னொரு வஞ்சகமும் உண்டு. வேலை முடிந்தபின் தூள் அடியிற் படிந்து மேலே நீர் தெளிந்து நிற்கும். தெளிந்த நீர்தானே என்று ஊற்றிவிடத் தோன்றும். அமோனியா மிகுந்திருக்கும்போது கட்மியம் அதன் சிறையிற் கரைந்தே நிற்கிறது என்று முன்னர்ச் சொன்னேன் அல்லவா? அந்தத் தெளிவே ஆபத்தின் அடையாளம். ஆகவே கழிவை உடனே ஊற்றாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் மேலும் சூடாக்கி, அமோனியா அகன்று, தயோயூரியா முற்றும் சிதைந்து, எஞ்சிய கட்மியம் யாவும் மஞ்சட் தூளாகும்வரை விடவேண்டும். பின்னர் வடிகட்டித் தூளை உலர்த்தி, பெயரெழுதிய போத்தலில் அடைத்துப் பூட்டிவைக்கவேண்டும். வடிநீரையும் சோதித்தே விடுதல் வேண்டும். முகவைச் சுவரின் மஞ்சளைக் கரைக்க அமிலத்தை ஊற்றுபவர், அழுகிய முட்டை நாற்றமுள்ள நச்சுவாயு எழும் என்பதை மறக்கலாகாது. அக்கழுவு நீரும் கழிவுப் போத்தலுக்கே உரியது.

இவ்வளவு தொல்லை ஏன், கட்மியமே வேண்டாம் என்று விட்டுவிடக்கூடாதா? உலகம் அந்த வழியிலும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. கட்மியத்தின் இடத்திற் துத்தநாகத்தை வைத்து அதே தொட்டியில் துத்தநாக சல்பைட்டை வளர்க்கலாம். யப்பானின் சோலர் பிரன்டியர் நிறுவனத்தார் துத்தநாகச் சேர்வைப் படலங்களைக்கொண்டு, கட்மியம் சிறிதுமின்றி, 23.35 சதவீத வினைத்திறனைச் செப்பு இந்தியக் கலவகையில் 2019 இல் எட்டினார்கள். துத்தநாகம் வயலுக்குப் பகையன்று; குறைவான மண்ணில் அதனை உரமாகவே இடுகிறோம். ஆயினும் துத்தநாகம் அடங்காத பிள்ளை. சல்பைட்டாக மாறுவதற்குப் பதில் ஐதரொட்சைட்டாகவும் ஒட்சைட்டாகவும் ஓடிவிடப் பார்க்கும். படலம் மெதுவாகவே வளரும். அதனை விரைவுபடுத்தச் சிலர் ஐதரசீன் சேர்க்கிறார்கள். ஐதரசீனோ கட்மியத்துக்கு இளைத்த நஞ்சன்று. பேயை ஓட்டிப் பிசாசை அழைத்த கதையாகும். எலுமிச்சையின் புளிப்போடு உறவுடைய சித்திரேற்று உப்பைக்கொண்டு துத்தநாகத்தைப் பிடித்துவைக்கலாம் என்று காட்டிய ஆய்வுகள் பல உண்டு. நம் பிள்ளைகள் தொடங்கவேண்டிய இடம் அதுவே என்பது என் கருத்து.

அதில் ஓர் இடையூறு மட்டும் இருக்கிறது. துத்தநாக சல்பைட்டின் சக்தியிடைவெளி 3.6 இலத்திரன்வோற்று அளவினது. கட்புலனாகும் ஒளி முழுவதையும் அது போகவிடும். ஆகவே அப்படலத்துக்கு நிறமில்லை. மஞ்சள் ஏறுவதைக் கண்ணாற் கண்டு மகிழும் இன்பம் அதிற் கிடையாது. தட்டை முகவையிலிருந்து எடுத்தால் வெறுங் கண்ணாடிபோலவே இருக்கும். படலம் வளர்ந்ததா இல்லையா என்று அறிய, மிக நுண்ணிய தராசில் தட்டை முன்னும் பின்னும் நிறுக்கவேண்டும். அல்லது ஒளியளவி நிறமாலைமானியில் வைத்து, ஊதா கடந்த கதிர் எந்த அலைநீளத்தில் மறிக்கப்படுகிறது என்று வரைபு கீறிப் பார்க்கவேண்டும். சம்மாந்துறையில் ஒரு மாணவி அந்த வரைபைக் கீறி, 340 நனோமீற்றரை அடுத்துக் கோடு சடுதியாக இறங்குவதைக் காண்பாளாயின், நிறமற்ற அக்கண்ணாடியின் மேல் துத்தநாக சல்பைட்டு படிந்துவிட்டது என்று அவள் அறிந்துகொள்வாள்.